பாதயாத்திரைக்கு எந்த ரிஃப்ளெக்டர் வாங்கலாம்? ஜாக்கெட், கால்பட்டை, ஒளிக்கோல்: ஒரு மதிப்புரை

பழனிக்கும் சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி, இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிக தூரம் கடக்கிறார்கள். சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருட்டியதும் கிளம்பி நள்ளிரவு வரை ஒரு நடை. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மூன்று மணிக்கு எழுந்து மறுபடி ஒரு நடை. உடுத்துவதோ முருகனுக்குப் பச்சை, ஐயப்பனுக்குக் கறுப்பு அல்லது கருநீலம், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. மூன்றும் இருட்டில் தார்ச்சாலையோடும் ஓரத்துப் புளியமரத்தோடும் கலந்துவிடுகிற நிறங்கள். பகலில் பளிச்சென்று இருக்கிற சிவப்புகூட இரவில் ஏறக்குறைய கறுப்புதான்.

ஹெட்லைட்டை டிம்மில் போட்டு வருகிற கார்க்காரருக்கு, அடர்நிற உடையில் நடக்கிறவர் சுமார் 25 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறார். வெள்ளை வேட்டி என்றால் சுமார் 40 மீட்டர். நல்ல ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தால் சுமார் 140 மீட்டர். இதை வண்டி நிற்கிற தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், ஓட்டுநர் பார்த்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைத்து, முழுதாக நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் ஆகும். 80 கிலோமீட்டர் என்றால் 70 மீட்டர். மழைச் சாலையில் 90 மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் வெள்ளை வேட்டியும் போதாது. ரிஃப்ளெக்டர் இல்லாமல் இரவில் நெடுஞ்சாலையில் இறங்கவே கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

கடைகளில் அதிகம் விற்பது ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். பெரும்பாலான குழுக்கள் மொத்தமாக வாங்குவது நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற, கொசுவலை மாதிரி நெட் துணியில் தைத்த எலுமிச்சை அல்லது ஆரஞ்சு நிற ஜாக்கெட். காற்றோட்டம் நன்றாக இருக்கும், வியர்வை தங்காது, மடித்தால் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும். குறை எல்லாம் பட்டையில்தான். பலவற்றில் ஒரே ஒரு அங்குல அகலத்தில் ஒரு பட்டை, அதுவும் மார்புக்குக் குறுக்கே மட்டும். சிலவற்றில் அது ரிஃப்ளெக்டரே அல்ல, வெறும் வெள்ளிநிற பிளாஸ்டிக்.

பகல் வெளிச்சத்தில் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். உண்மையான பட்டையில் இரண்டு வகை. ஒன்று, பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைப் பதித்த துணிப் பட்டை. இது பகலில் பளபளக்காது. அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கலான வெளிர்சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். மற்றொன்று, தேன்கூடு அல்லது சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகிற பிளாஸ்டிக் பட்டை. கண்ணாடி போல முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிற பட்டை என்றால் சந்தேகப்படுங்கள். பகலில் அழகாக மின்னுகிறது என்பதற்காக அதையே எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. கடைக்காரரையோ கூட வந்தவரையோ ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் தள்ளி, நிழலான இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டு, போனைக் கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். நல்ல பட்டை பல்பு எரிவது போல வெள்ளையாகக் கொளுத்தும். அப்படியே போனை இடுப்புக்கு இறக்கி, பட்டையின் மேல் வெளிச்சம் படும்படியே பிடியுங்கள். ஒளி சட்டென்று அடங்க வேண்டும். ரிஃப்ளெக்டர் என்பது வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிற பொருள்; ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே இருப்பதால்தான் அது அவருக்குத் தெரிகிறது. போன் கண்ணருகில் இருந்தாலும் இடுப்பில் இருந்தாலும் ஒரே மாதிரி தெரிகிற பட்டை வெறும் மினுக்குத்தாள். பிறகு ஜாக்கெட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முப்பது நாற்பது டிகிரி திருப்பியும் ஒளி முழுதாகச் சாகக் கூடாது. நடக்கிறவர் உடம்பு ஒருபோதும் நேராக நிற்பதில்லை.

இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மேல் போனால் கெட்டித் துணியில், இரண்டு அங்குலப் பட்டை சுற்றிவர வைத்த ஜாக்கெட் கிடைக்கும். கழுத்துப் பக்க லேபிளில் இ.என். ஐ.எஸ்.ஓ. 20471 (EN ISO 20471: தூரத்திலிருந்தே தெரிகிற பாதுகாப்பு உடைகளுக்கான சர்வதேசத் தர எண்) என்று எழுதி, ஜாக்கெட் படத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் தரப்பிரிவு. இரண்டாம் பிரிவுக்குப் பட்டை மட்டும் 0.13 சதுர மீட்டர் இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் கணக்கிட்டால் 2.6 மீட்டர் நீளம். லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதால், தையல்கடை இன்ச்டேப்பை எடுத்துப் போய் அளந்து பாருங்கள். வயிற்றைச் சுற்றி ஒன்றோ இரண்டோ வளையம், இரண்டு தோள் வழியாகவும் முன்னும் பின்னும் ஒவ்வொன்று என்று கூட்டினால் 2.6 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது இரண்டாம் பிரிவு அல்ல. முன்பக்கம் வெல்க்ரோவைவிட ஜிப் நல்லது. வெல்க்ரோ வியர்வையில் நனைந்து தூசி ஏறியதும் பிடிப்பு விட்டுவிடும். ஜாக்கெட் திறந்துகொண்டு இரண்டு பக்கமும் பறக்கும்போது முன்பட்டை எதிரே வருகிறவருக்குத் தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணைப் பறிக்கிற எலுமிச்சை நிறம் சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிரால்தான் அப்படி மின்னுகிறது. பகலிலும், பொழுது சாய்கிற, விடிகிற நேரத்திலும் அது உதவும். நடு இரவில் அந்த நிறத்துக்குப் பெரிய வேலை இல்லை. இரவு முழுக்கக் காப்பாற்றுவது சாம்பல்நிறப் பட்டை மட்டும்தான். பட்டையே இல்லாத எலுமிச்சை நிற டீ-ஷர்ட்டைக் குழுவுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜாக்கெட்டுக்கு நாங்கள் முழு மதிப்பெண் தராததற்கு இன்னும் பெரிய காரணம், அது உடம்பில் இருக்கிற இடம். டிம் லைட் சாலையைப் பார்த்துக் கீழ்நோக்கி அடிப்பது. கார் ஹெட்லைட் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து வெளிச்சம் சரிந்துகொண்டே போகிறது. எழுபது எண்பது மீட்டர் தள்ளி நடக்கிறவரின் நெஞ்சுக்கு அந்த வெளிச்சத்தில் சொற்பம்தான் எட்டும். முதலில் நனைவது கால். அதனால் கரண்டைக் காலில் கட்டின பட்டை, நெஞ்சில் இருக்கிற பட்டையைவிட முன்னதாகவே எரியத் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. தூரத்தில் அசையாமல் தெரிகிற ஒரு வெள்ளைக் கோடு மைல்கல்லா, பாலத்துச் சுவரா, நின்றுபோன லாரியா என்று ஓட்டுநருக்குப் பிடிபடாது. இரண்டு கோடுகள் மாறி மாறி முன்னும் பின்னும் போனால், ஆள் நடக்கிறார் என்று மூளை அந்த நொடியே சொல்லிவிடும். கால் மூட்டும் மணிக்கட்டும் சேர்ந்து அசைந்தால் இன்னும் தெளிவு. கையில் இருப்பது ஐம்பது ரூபாய்தான் என்றால், அதை ஜாக்கெட்டில் போடாதீர்கள், கால்பட்டையில் போடுங்கள்.

கால்பட்டையில் கடைகளில் இரண்டு தினுசு. டப்பென்று தட்டினால் சுற்றிக்கொள்கிற பட்டை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மாட்டுவதும் எளிது. உள்ளே மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. மேலுறை ஓரத்தில் கிழிந்தால் தகடு தோலைக் கீறும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடனே எறிந்துவிடுங்கள். நீளத்தையும் பாருங்கள்: 30 சென்டிமீட்டர் பட்டை மணிக்கட்டுக்கு, கரண்டைக்கு 40 சென்டிமீட்டர் வேண்டும். குட்டையாக இருந்தால் நடக்க நடக்க வழுக்கிப் பாதத்தில் விழுந்துவிடும். எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வைத்த பட்டை இதைவிட மேல். இருபது கிலோமீட்டர் நடந்த பிறகு கால் வீங்கும். அப்போது ஒரு விரல் தளர்த்திக் கட்ட முடிவது இதில் மட்டும்தான். இறுக்கிக் கட்டின பட்டை வீங்கிய காலில் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, மரத்துப் போகச் செய்யும். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் கொலுசு இருக்கிற இடத்துக்கு மேலே நான்கு விரற்கடை விட்டுக் கட்டினால் உரசாது. வேட்டியையோ சேலையையோ பட்டை வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்றிக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் சொல்லாவிட்டால் மறந்துவிடுகிறார்கள்.

தைத்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி உண்டு. இரண்டு அங்குல ரிஃப்ளெக்டிவ் துணிப் பட்டை ரோலாக வருகிறது. ஒருவருக்கு இரண்டு கரண்டைக்கு 30 சென்டிமீட்டர் வீதம், இரண்டு மணிக்கட்டுக்கு 25 வீதம், தோள்பையின் பின்பக்கத்துக்கு 30 என்று மொத்தம் 1.4 மீட்டர். இருபது பேர் குழுவுக்கு 28 மீட்டர். 50 மீட்டர் ரோல் ஒன்று முப்பத்தைந்து பேருக்கு வரும். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒற்றைத் தையல் போதும். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் ஊசி போன இடமெல்லாம் மணி உதிர்ந்து கறுப்புக் கோடு விழும். மேலே நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.

லாரிகளுக்கு ஒட்டுகிற தேன்கூட்டு ஸ்டிக்கர் டேப் ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். மிகக் கூர்மையாக ஒளிரும், பனியிலும் மழையிலும் அவ்வளவாக மங்காது. தைப்பூசம் தை மாதப் பனியில் வருகிறது. விடியற்காலைப் பனித்துளி படிந்தால் மணிகள் வெளியே தெரிகிற துணிப் பட்டையின் ஒளி குறைந்துவிடும் என்பதால், இந்த டேப்பையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் துணியில் ஒட்டினால் அரை இரவு தாங்காது. மடிப்பில் விரிந்து, வியர்வையில் உரிந்து விழும். கெட்டியான பொருளில் ஒட்டுங்கள்: ஊன்றுகோல், காவடிக் கட்டை, தண்ணீர்க் குடம், தள்ளுவண்டி, சைக்கிள் மட்கார்டு. வண்டிகளுக்கு உள்ள வழக்கத்தையே பின்பற்றி, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒட்டினால், தள்ளுவண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஓட்டுநருக்குத் தூரத்திலேயே தெரியும். தைப்பூசச் சமயத்தில் காவல்துறையினர் வழியில் நின்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்கள். நல்ல காரியம். அதைச் சட்டையில் வாங்காமல் பையின் பக்கிளிலோ கோலிலோ ஒட்டச் சொன்னால் ஊர் போய்ச் சேரும் வரை இருக்கும்.

பின்லாந்தில் இருட்டில் நடக்கிறவர் ரிஃப்ளெக்டர் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே கோட்டின் ஓரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுகிற சின்ன வில்லை வழக்கம். அது முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டே போகும், இரண்டு பக்கமும் ஒளிரும். நம் தோள்பையின் அடியில் இப்படி ஒன்றைத் தொங்கவிட்டால் அதே பலன் கிடைக்கும்.

பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதிரே வருகிற வண்டியில் விளக்கு எரிந்தால்தான் அது எரியும். பின்விளக்கும் முன்விளக்கும் இல்லாமல் வருகிற டிராக்டர், ஒற்றைக் கண்ணோடு வருகிற பழைய பைக், சேறு அப்பின ஹெட்லைட், இவற்றுக்கு முன்னால் ரிஃப்ளெக்டர் வெறும் துணி. லாரி, பஸ் விஷயம் வேறு. ஓட்டுநர் இருக்கை ஹெட்லைட்டைவிட மிக உயரத்தில் இருப்பதால், திரும்புகிற ஒளியில் பெரும்பகுதி அவர் கண்ணுக்குக் கீழேயே போய்விடும். காருக்குக் கொளுத்துகிற பட்டை லாரிக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆகவே தானாக எரிகிற விளக்கு குழுவுக்குக் கட்டாயம் வேண்டும்.

இதில் நாங்கள் முதலிடம் தருவது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சிவப்பு எல்.இ.டி. கிளிப் விளக்குக்கு. யு.எஸ்.பி. சார்ஜில் ஓடுவதை வாங்குங்கள். சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரியில் ஓடுவதும் நன்றாகத்தான் எரியும், ஆனால் வழியில் கிராமத்துக் கடையில் அந்தப் பேட்டரியைத் தேடுவது கஷ்டம். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டால் பேராபத்து. வரிசையின் கடைசி ஆள் பையில் ஒன்று, நடுவில் ஒன்று. கடைசி ஆளுடையது மின்னட்டும், மற்றவை நிலையாக எரியட்டும். எல்லாமே மின்னினால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓட்டுநரால் கணிக்க முடியாது.

தலையில் மாட்டுகிற ஹெட்லாம்ப் வழி பார்க்க வசதி. ஆனால் அதை மாட்டினவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கிறார். பைக்காரருக்குக் கண் கூசினால், அவர் விலகி வருவது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. விளக்கைக் கீழே சாய்த்து, மூன்று நான்கு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். கை டார்ச்சையும் அப்படியே. வண்டியை நோக்கி அடிப்பதைவிடத் தன் காலிலும் வெள்ளை வேட்டியிலும் அடித்துக்கொண்டால் ஆள் முழுதாகத் தெரிவார். செல்போனை டார்ச்சாக நம்பி வராதீர்கள். அவசரத்துக்குப் பேச அதில் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும்.

போக்குவரத்துக் காவலர் வைத்திருக்கிற மாதிரியான சிவப்பு ஒளிக்கோல் குழுவுக்கு இரண்டு வாங்கலாம். கைப்பிடியும் குழலும் சேர்கிற திருகுதான் இதன் பலவீனம். ஒருமுறை கீழே விழுந்தால் அங்கே விரிசல் விடும், பிறகு ஆட்டும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். வாங்கும்போது அந்த இடத்தை முறுக்கிப் பாருங்கள். யாத்திரை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

ஒளிக்கோல் வண்டியை நிறுத்துகிற அதிகாரம் அல்ல. சாலையைக் கடக்கையில் அதை நீட்டிக்கொண்டு நடுவில் போய் நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. கணக்கு இதுதான்: நான்கு வழிச்சாலையில் ஒரு பக்கம் ஏழு மீட்டர். கால் கொப்பளித்து நடக்கிறவருக்கு அதைக் கடக்க ஒன்பது நொடி ஆகும். 80 கிலோமீட்டர் வேக வண்டி அந்த ஒன்பது நொடியில் 200 மீட்டர் வந்துவிடும். ஆகவே 200 மீட்டருக்கும் கூடுதலாகவே வெறும் சாலை தெரிய வேண்டும். அப்போதும் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகக் கடக்காதீர்கள். கடைசி ஆள் இறங்கும்போது இடைவெளி தீர்ந்திருக்கும். ஓரத்தில் எல்லோரும் பக்கம் பக்கமாக நின்று, ஒரே சமயத்தில் இறங்கி, நடுத்திட்டில் நின்று, மறுபக்கத்துக்கும் அதேபோலக் கடக்க வேண்டும். இரு முனையிலும் ஒளிக்கோல்காரர்கள்.

அணிகிற விதத்தில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று எல்லா ஜாக்கெட்டின் பலனையும் கெடுக்கிறது. முதுகில் பை மாட்டியதும் பின்பட்டை மறைந்துவிடும். இருமுடி, தோளில் போட்ட துண்டு, குளிருக்குப் போர்த்தின சால்வை, மழைக்கோட்டு, எல்லாமே அப்படித்தான். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் முழுச் சுமையோடு நிற்க வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே ஒரு பட்டை வேண்டும். வண்டிக்கு எதிர்முகமாக, அதாவது சாலையின் வலப்பக்கம் நடப்பதே நல்லது. வருகிறதை நீங்களும் பார்க்கலாம், டிம் லைட்டும் வண்டியின் இடது ஓரத்துக்குத்தான் கூடுதலாக எட்டும். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் இறங்கிவிடுங்கள். அன்னதானப் பந்தலுக்காக இடப்பக்கம் நடக்க நேர்ந்தால் முதுகுப்பட்டைதான் உயிர். காதில் இயர்போன் வேண்டாம்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் இந்தப் பொருள் எதுவும் காப்பாற்றாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்தாலும், தார் சூடாக இருக்கிறது என்று ஓரத்தில் சாய்ந்தாலும், பட்டை மடிந்து, திரும்பி, எந்தத் திசைக்கும் தெரியாது. ஓய்வென்றால் சாலையை விட்டு முழுதாக இறங்கி, பள்ளத்துக்கோ மரத்துக்கோ அப்பால், ஒருவர் விழித்திருக்க.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது கால்பட்டையைத்தான். செம்மண்ணும் விபூதியும் அதில் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தங்கலிலும் ஈரத் துணியால் ஒரு துடை. ஜாக்கெட்டைக் கல்லில் அடித்துத் துவைக்கவோ பிரஷ் போடவோ கூடாது, மணிகள் உதிரும். ப்ளீச்சிங், துணியை மிருதுவாக்கும் திரவம் இரண்டும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப் போடுங்கள். எத்தனை துவைப்பு தாங்கும் என்று நல்ல ஜாக்கெட்டின் லேபிளில் எண் இருக்கும். அடுத்த ஆண்டு மாலை போடுவதற்கு முன்பு, பழைய பட்டையைப் புதுப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து அதே செல்போன் சோதனையைச் செய்யுங்கள். திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் அந்த ஜாக்கெட்டைக் களைந்துவிட்டு வேறு வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டிவிடாதீர்கள். அது தொடை வரை தொங்கி, பட்டைகள் மடிப்புக்குள் போய்விடும். சின்ன அளவு கிடைக்காவிட்டால் இரண்டு கரண்டையிலும் இரண்டு கையிலும் பட்டை கட்டி, வரிசையின் உள்பக்கம், பெரியவர் கையைப் பிடித்து நடக்கட்டும்.